இடது பக்கம் சத்தம் கம்மி

ஜூன் 29, ஞாயிறு

வேப்பங்குளத்தில் காதணி விழா. ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டு, குழாய் ஸ்பீக்கர் நான்கு, கையில் பிடிக்கும் மைக் ஒன்று. காலை ஆறு மணிக்கே பாட்டுப் போட்டாயிற்று. தாய்மாமன் சீர் பத்தரைக்கு வந்தது. மாமன் மைக்கைப் பிடித்தவர் அரை மணி நேரம் விடவில்லை. காது குத்திய பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த டைரி பெயிண்ட் கடையில் கொடுத்தது. எந்தத் தேதியில் எந்த ஊர், எத்தனை குழாய் என்று மட்டும்தான் எழுதுவேன். இன்று கூடுதலாக ஒன்று. எழுந்தபோது தலையணை உறையில் மஞ்சளாகக் கறை. இடது காது ஒழுகியிருக்கிறது. புதிதில்லை. வருஷத்தில் நாலைந்து தடவை ஒழுகும், பிறகு தானாக நிற்கும். வலி கிடையாது. வலியில்லாததை நான் சீக்கு என்று கணக்கில் சேர்ப்பதில்லை. பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டுக்கொண்டேன். ஜெயக்கொடி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். பெண்டாட்டிமார் சொல்வதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் மைக்செட் யார் கட்டுவது?

சாயங்காலம் மிக்ஸரைத் துடைத்தேன். இடது வலது பாக்ஸ்களின் சத்தத்தைச் சமன்செய்கிற பேலன்ஸ் நாப் இருக்கிறதே, அதன் பக்கத்தில் மிளகு அளவு சிவப்புப் புள்ளி. போன ஆயுதபூஜைக் குங்குமமாக இருக்கும். தண்ணீருக்குப் போகவில்லை. பெயிண்ட் கரைக்கிற தின்னர் தொட்டுத் துடைத்தேன், போய்விட்டது.

அந்த நாப் விஷயமும் எழுதிவைக்கிறேன். மச்சினன் வீரணன், ஜெயக்கொடியின் தம்பி, பதினொரு வருஷமாக என்னோடுதான் வேலை பார்க்கிறான். நல்ல உழைப்பாளி. ஆனால் நான் செட் பண்ணிவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது நாப் இடம் மாறியிருக்கிறது. கேட்டால், "இல்லையே மச்சான்" என்கிறான்.

ஜூலை 1, செவ்வாய்

காது இன்னும் ஒழுகுகிறது. மருந்துக் கடையில் சொல்லி சொட்டுமருந்து வாங்கினேன்.

ஜூலை 5, சனி

நிகழ்ச்சி இல்லை. கடையைத் திறந்துவைத்துப் பழுது பார்த்தேன். பள்ளிக்கூடத்து மைக்செட் ஒன்று, ஒரு பக்கம் ஊமை. எங்கள் தொழிலில் உள்ளது ஒரே ஒரு சாஸ்திரம்தான். இடது லைனைப் பிடுங்கி வலது பாக்ஸில் சொருகு, வலதை இடதில் சொருகு. பழுது லைனோடு சேர்ந்து இடம் மாறினால் லைனில் கோளாறு. நின்ற இடத்திலேயே நின்றால் பாக்ஸில் கோளாறு. இதைத் தெரிந்தவன் எதையும் பிரித்துப் போட்டு முழிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு லைனில் கோளாறு. பத்து நிமிஷ வேலை.

மத்தியானம் சலூனுக்குப் போனேன். பரமன் இருபது வருஷமாக எனக்கு முடி வெட்டுகிறான். இடது பக்கம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினான்.

"அண்ணே, காதுல என்ன, எலி கிலி செத்துக் கெடக்கா?"

"ஒன் வாயி நாறுது, அதான் ஒனக்கே அடிக்குது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரும் வழியில் அத்தர் வாங்கிப் பஞ்சில் தொட்டுக் காதில் வைத்துக்கொண்டேன். எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. வீட்டில் பார்த்தால் ஜெயக்கொடி என் தலையணைக்கு மட்டும் தனியாக இரண்டு உறை போட்டிருக்கிறாள்.

ஜூலை 9, புதன்

மண்டபத்தில் நிச்சயதார்த்தம். இன்று கையும் களவுமாகப் பிடித்தேன். டீ குடிக்கப் போவதுபோல் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன். நான் அந்தப் பக்கம் போனதும் வீரணன் வந்தான், நாப்பைப் பிடித்தான், வலது பக்கமாகத் திருப்பினான். வெட்கமில்லாமல் ஒரு கண்ணை மூடி அளவு வேறு பார்த்தான்.

பொண்ணு வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று இருநூறு பேர் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"இருபத்தெட்டு வருசமா இந்தக் காதை வச்சுத்தான்டா பொழைக்கிறேன். எனக்கே நீ பாடம் நடத்துறியா? கடையைத் தனியா எடுக்கணும்னா நேரா சொல்லிட்டுப் போ."

அவன் என்னவோ சொல்ல வந்தான். வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். வயரைச் சுற்றி வைத்துவிட்டு, "சரி மச்சான்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் செய்தது சரி. தொழிலில் சொந்தம் பார்க்கக் கூடாது.

ஜூலை 10, வியாழன்

ஜெயக்கொடி பேசவில்லை. சாப்பாடு வைத்தாள். பிறகு என் இடது பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். வழக்கமாக வலது பக்கம்தான் உட்காருவாள். வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. சாமி பேரைச் சொல்கிறாள் போலிருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஊருணிப்பட்டிக் கோயில் கமிட்டித் தலைவர் சோலைமலை கடைக்கு வந்தார். ஆடிப் பொங்கல் ஆகஸ்ட் ஐந்து, ஆறு, ஏழு. வழக்கம்போல நான்தான். அந்தக் கோயிலுக்கு இருபத்திரண்டு வருஷமாக நான்தான் குழாய் கட்டுகிறேன். ஊருணிப்பட்டியில் பேர் எடுத்தால் சுற்றுப்பட்டு பன்னிரண்டு ஊரும் என் கையில். அங்கே பேர் கெட்டால் கடையைப் பூட்டிவிட்டுப் பந்தல்கால் ஊன்றப் போக வேண்டியதுதான்.

"மச்சினன் எங்கப்பா?" என்று கேட்டார். வேறு வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. மேட்டுத்தெரு காளியம்மன் கோயிலில் வேப்பமரத்தில் குழாய் கட்ட ஏணியில் ஏறினேன். கீழே யாரோ வெடி போட்டார்கள். வெடிச்சத்தம் கேட்ட மறு நொடி மரம் சுற்ற ஆரம்பித்தது. மரம் சுற்றவில்லை, நான்தான் சுற்றியிருக்கிறேன். கோயில், ஏணி, என் கை, எல்லாம் கிறுகிறுவென்று போயிற்று. கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். பூசாரியும் தேங்காய்க்கடைக்காரரும் ஏறிவந்து இடுப்பைப் பிடித்து இறக்கினார்கள். கீழே வந்து மஞ்சளாக வாந்தி எடுத்தேன்.

வீட்டில் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். நான் வருவதற்குள் பூசாரி போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 18, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரி. ஜெயக்கொடி கூடவே வந்து என் வலது கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான், ஆனால் கண்டிப்பு. காதுக்குள் மெல்லிய குழாயை விட்டு அழுக்கை உறிஞ்சி எடுத்தார். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம், மைக்கில் வாயை வைத்து ஊதுவது மாதிரி. பிறகு பெரிய லென்ஸ் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனை வருசமா ஒழுகுது?"

"இப்பத்தான் ஒரு ரெண்டு மாசமா" என்றேன்.

"பதினஞ்சு வருசமா டாக்டர்" என்றாள் ஜெயக்கொடி.

டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். காதுக்குள் ஒரு சவ்வு இருக்கிறதாம், நம் ஸ்பீக்கர் கோனில் இருப்பது மாதிரி. எனக்கு அதன் மேல் மூலையில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தோல் உள்ளே போய் வெங்காயத் தொலி மாதிரி அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறதாம். அதுதான் நாற்றம். சவ்வுக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள். அதையும் சுற்றியுள்ள எலும்பையும் இது மெதுவாக அரித்துக்கொண்டே போகுமாம்.

"வலிக்கவே இல்லையேம்மா."

"வலிக்காம அரிக்கிறதுதான் இதுல மோசமே. நேத்து தலை சுத்துச்சுல்ல? உள்காதுக்குப் பக்கத்துல போயிருச்சுன்னு அர்த்தம். இன்னும் உள்ள போனா மூளைதான். ஸ்கேன் எடுக்கணும், காது கேக்குற டெஸ்ட் எடுக்கணும், ஆபரேஷன் பண்ணணும். அடுத்த வாரமே வந்து அட்மிட் ஆகுங்க."

"டெஸ்டெல்லாம் எதுக்கும்மா? காது நல்லா கேக்குது. எங்க பொழப்பே காதுதான்" என்றேன். "ஆடிப் பொங்கல் முடியட்டும், எட்டாந் தேதி கட்டாயம் வந்துர்றேன்."

"திருவிழா அடுத்த வருசமும் வரும்ணே."

நான் அசையவில்லை. ஸ்கேன் மட்டும் இன்றே எடுத்துக்கொண்டேன். மருந்து எழுதிக்கொடுத்து, எட்டாம் தேதிக்குச் சீட்டும் போட்டுக் கொடுத்தார். இனிமேல் ஏணியில் ஏறக் கூடாது. எண்ணெய் விடக் கூடாது, பட்ஸ், தீக்குச்சி, ஸ்க்ரூடிரைவர் எதையும் உள்ளே விடக் கூடாது. ஸ்க்ரூடிரைவரைப் பற்றி ஜெயக்கொடிதான் போட்டுக்கொடுத்தாள். தண்ணீர் படாமல் பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைத்துக்கொண்டு குளிக்க வேண்டும். காய்ச்சலோடு தலைவலி வந்தாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, மறுபடி தலை சுற்றினாலோ அன்றைக்கே ஓடிவர வேண்டும். அதுவரை எவ்வளவு ஒழுகுகிறது, என்ன நிறம் என்று தினமும் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

டைரியில் இனிமேல் ஊர்ப் பேரோடு காதும் வரும்.

ஜூலை 19, சனி

பஞ்சு இரண்டு நனைந்தது. மஞ்சள். வாடை உண்டாம், ஜெயக்கொடி சொன்னாள்.

ஜூலை 21, திங்கள்

பஞ்சு ஒன்று. வெளிர் மஞ்சள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. நாலு ஊரில் அன்னதானத்துக்குக் குழாய். ஏணியில் கூலி ஆள் ஏறினான். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் வேலை எனக்கு. பஞ்சு நனையவில்லை. மருந்து கேட்கிறது. ஆபரேஷன் தேவைப்படாது என்று படுகிறது.

ஜூலை 27, ஞாயிறு

வெக்கை தாங்காமல் மாமரத்துத் தோட்டத்தில் பம்புசெட்டில் தலையைக் கொடுத்துவிட்டேன். பஞ்சு வைத்திருக்கிறேனா என்று பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பஞ்சுப் பெட்டியைத் திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூலை 28, திங்கள்

பஞ்சு நான்கு. பச்சை கலந்த மஞ்சள். இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். ஜெயக்கொடி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் எழுதியாயிற்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஊருணிப்பட்டி. முதல் நாள். எழுதுவதற்கே கை வரவில்லை.

கூலிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு விடியற்காலை போய்க் குழாய் கட்டினோம். கோயில் முன்னால் மேடை, மேடைக்கு இடது பக்கம் ஒரு பெரிய பாக்ஸ், வலது பக்கம் ஒன்று. இடதுக்கு முன்னால் பெண்கள், வலதுக்கு முன்னால் ஆண்கள். மேடையைப் பார்த்தபடி மேஜை போட்டு மிக்ஸரை வைத்தேன். பாட்டுப் போட்டதும் தெரிந்தது, இடது பக்கம் சத்தம் கம்மி.

நாப்பை இடது பக்கம் தள்ளினேன். போதவில்லை. இடது வால்யூமைக் கூட்டினேன். அப்போதும் வலதுதான் தூக்கலாக இருந்தது.

சாஸ்திரப்படி லைனை மாற்றிச் சொருகினேன். இடதுதான் கம்மி. அப்படியென்றால் பாக்ஸ் கோளாறு. கூலி ஆட்களைக் கூப்பிட்டு இரண்டு பாக்ஸையும் தூக்கி இடம் மாற்றி வைக்கச் சொன்னேன். இப்போதும் இடதுதான் கம்மி. ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன். இடது கம்மி. லைன், பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் மாற்றியும் பழுது நின்ற இடத்திலேயே நிற்கிறது. இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு பழுதை நான் பார்த்ததில்லை. டீக்காரரைக் கூப்பிட மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன், சொன்னால் நம்பமாட்டார்கள், பழுது மறுபக்கத்துக்குத் தாவிவிட்டது. திரும்பிப் பார்த்தால் பழையபடி இடது. எங்கோ லூஸ் காண்டாக்ட், சந்தேகமில்லை என்று முடிவு செய்து இடதை இன்னும் கூட்டினேன்.

சாயங்காலம் முளைப்பாரி. பெண்கள் பாரியைச் சுற்றிக் கும்மி கொட்ட நின்றார்கள். பாட்டுக்கார அம்மா மைக்கில் எடுத்தார். இடது பக்கத்துப் பெண்கள் ஒருத்தர் விடாமல் காதைப் பொத்தினார்கள். பாரியைத் தலையில் வைத்திருந்த ஒரு பெண்ணால் காதைப் பொத்த முடியாது, முகத்தைச் சுளித்துக்கொண்டே நின்றது. கைக்குழந்தைகள் வீறிட்டன. சோலைமலை ஓடிவந்தார்.

"ஏப்பா இருளாண்டி, பொம்பளைக பக்கம் காதைக் கிழிக்குது, கொறைப்பா!"

"அந்தப் பக்கம் சத்தமே வரலீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் பதில் சொல்வதற்குள் இடது பாக்ஸில் பட்டென்று ஒரு சத்தம், கரிந்த வாடை. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அதுதான் காயில், எரிந்துவிட்டது. அந்தச் சத்தம்கூட எனக்கு வலது பக்கத்திலிருந்து வந்ததுபோல்தான் இருந்தது. கும்மி நின்றுவிட்டது. பாட்டுக்கார அம்மா மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் குரலில் பாடினார். பெண்கள் சுற்றி நின்று கொட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

பஞ்சு மூன்று.

ஆகஸ்ட் 6, புதன்

காலை ஏழு மணிக்கு மினி லாரியில் புதுப் பாக்ஸோடு வீரணன் வந்து இறங்கினான். ஜெயக்கொடி போன் போட்டிருக்கிறாள். அவன் என்னைப் பார்த்து, "மச்சான், நீங்க போயி டீயக் குடிச்சுட்டு வாங்க" என்றான். டீக்கடையிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

அங்கிருந்து கேட்டேன். அவன் வைத்ததிலும் ஒரு பக்கம் கம்மிதான். ஆனால் ஒருத்தரும் குறை சொல்லவில்லை. பொங்கல் வைத்த பெண்கள் பாட்டோடு சேர்ந்து பாடினார்கள். ஊருணிப்பட்டிக்காரர்களுக்கு நேற்றுக் கூர்மையாக இருந்த காது இன்று மந்தமாகிவிட்டதா என்ன?

ஆகஸ்ட் 7, வியாழன்

மஞ்சள் தண்ணீர் விளையாட்டோடு திருவிழா முடிந்தது. குழாய் எல்லாம் இறக்கியாயிற்று. பஞ்சு மூன்று. நாளை ஆஸ்பத்திரி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

லைனை மாற்றிப் பார்த்தாயிற்று. பழுது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

விவரமாக எழுதுகிறேன். காது கேட்கும் டெஸ்ட்டுக்கு ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க மெத்தை மாதிரி அடித்து, வெளிச்சத்தம் ஊசிமுனை அளவுகூட உள்ளே வராதபடி செய்திருக்கிறார்கள். வேலைப்பாட்டை ரசித்துக்கொண்டே உள்ளே போனேன். ரெஜினா என்று ஒரு பெண், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினோடு உட்கார்ந்திருந்தது. தலையில் ஹெட்போன் மாட்டிவிட்டது. சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடதுக்கு. கீச்சென்று சத்தம் கேட்டால் கையில் உள்ள பட்டனை அமுக்க வேண்டும்.

வலது காதில் கீச், கீச் என்று வந்தது. கொசு பறப்பதுபோல் சன்னமாக வந்ததைக்கூட விடாமல் அமுக்கினேன். அந்தப் பெண் தலையாட்டியது. பிறகு இடதுக்கு மாற்றியது. நான் காத்திருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அது டயலைத் திருப்பிக்கொண்டே இருந்தது. முள் ஏறிக்கொண்டே போனது. எனக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் எங்கோ அடுத்த தெருவில் விசில் அடித்ததுபோல் ஒன்று. அவ்வளவுதான்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"தங்கச்சி, ஒங்க மிஷின்ல இடது லைன் விட்டுப்போச்சும்மா. கழட்டிக் குடு, நான் மைக்செட்காரன்தான், பத்து நிமிசத்துல பத்த வச்சுத் தர்றேன்."

அது சிரிக்கவில்லை. "லைன் நல்லாத்தாண்ணே இருக்கு" என்றது.

"எப்படிச் சொல்ற? மாத்திப் போட்டுப் பாத்தியா?"

"சரி, நீங்களே மாத்திப் போட்டுக்கங்க."

மறுபடி உள்ளே போய் உட்கார்ந்து ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். நீலம் வலது காதில், சிவப்பு இடது காதில். அந்தப் பெண் டயலைத் திருப்பியது. ஊமை என்று நான் சொன்ன நீலம் கணீரென்று கேட்டது. இவ்வளவு நேரம் கொசுபோலக் கேட்ட சிவப்பு செத்துப்போயிருந்தது.

லைனில் பழுதில்லை. பாக்ஸிலும் இல்லை. ஊருணிப்பட்டியில் லைனை மாற்றினேன், பாக்ஸை மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன். மாற்றாமல் விட்டது ஒன்றுதான், அது என் தோளுக்கு மேலே இருந்தது. ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் அழுதால் வெளியே கேட்காது. அந்த மட்டுக்கும் வசதிதான்.

வெளியே பெஞ்சில் ஜெயக்கொடி. அவளுக்கு வலது பக்கம் போய் உட்காரப் போனேன். அவள் எழுந்து சுற்றி வந்து என் வலது பக்கம் உட்கார்ந்தாள். அப்போதுதான் பார்த்தேன். இத்தனை வருஷமும் இவள் இப்படித்தான் சுற்றி வருகிறாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"ஏழு வருசமாத் தெரியும். ரோட்டுல நடந்தா வலது பக்கம், பஸ்ஸுல வலது பக்கம், படுத்தா வலது பக்கம். நீங்கதான் பாக்கல."

"அன்னைக்கு இடது பக்கம் ஒக்காந்து சாமி பேரு சொன்னியே?"

"சாமி பேரா? ஒங்களைத்தான் வண்டி வண்டியா வஞ்சேன். கோவம் வந்தா அங்கிட்டுத்தான் ஒக்காருவேன். திட்டுனாப்லயும் ஆச்சு, ஒங்களுக்குக் கேக்காத மாதிரியும் ஆச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? காதுதான் பொழப்புன்னு சொல்ற மனுசன்கிட்ட காது போச்சுன்னு எந்த வாயால சொல்ல?"

டாக்டரம்மா டெஸ்ட் தாளையும் ஸ்கேனையும் பார்த்தார். மூன்று எலும்பில் இரண்டு ஏற்கெனவே கரைந்துவிட்டது. உள்ளே இருப்பதைச் சுத்தமாக எடுத்தால் ஒழுகல் நிற்கும், உயிருக்கு ஆபத்தில்லை. கேட்பது பழையபடி வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். போன மாதமே வந்திருந்தால் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. நானாகக் கேட்டேன். "போன மாசம் இல்லண்ணே, பத்து வருசம் முன்னாடி" என்றார். இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன்.

ஆகஸ்ட் 9, சனி

வீரணன் வீட்டுக்குப் போனேன். அவன் பந்தல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவனைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"நீ நாப்பைத் திருப்புனது சரிதான்டா" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ரெண்டு வருசமா திருப்புறேன் மச்சான். நீங்க வச்சா இடது அலறும். ஒங்க முன்னாடி திருப்ப மனசு வரல. நீங்க டீ குடிக்கப் போனப்புறம் திருப்புவேன். எந்த எடம் சரின்னு ஒவ்வொரு தடவையும் தேட முடியாதுல்ல, அதான் புள்ளையோட நகப் பூச்சை எடுத்து ஒரு புள்ளி வச்சிருந்தேன். அதையும் காணோம். மண்டபத்துல அன்னைக்கு அதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்."

ஒரு கண்ணை மூடி அளவு பார்த்தான் என்று எழுதியிருக்கிறேன். புள்ளியைத் தேடியிருக்கிறான். தின்னர் தொட்டு அதைத் துடைத்தவன் நான். இருநூறு பேர் முன்னால் கத்தியவனும் நான். அவன் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த மண்டபத்திலேயே எனக்குக் காது கேட்காதென்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறான். இதைவிடப் பெரிய வெட்கம் என் வாழ்க்கையில் இல்லை.

"மன்னிச்சுக்கடா" என்றேன். இந்த வார்த்தையை மைக் இல்லாமல் சொல்வது எனக்கு இதுதான் முதல் தடவை.

"விடுங்க மச்சான். பந்தக்காரர்ட்ட சொல்லிட்டு நாளைக்கு வந்துர்றேன். அந்தக் காயில் எரிஞ்ச பாக்ஸைப் பிரிச்சு வைங்க" என்றான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆஸ்பத்திரி. கட்டில் எண் பதினாறு. காதைச் சுற்றி மழித்துவிட்டார்கள். பரமனைவிட நன்றாகவே மழித்தார்கள்.

ஆகஸ்ட் 23, சனி

முடிந்தது. காதுக்குப் பின்னால் தையல், தலையைச் சுற்றித் துணிக்கட்டு. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஜெயக்கொடி எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

காதுக்குள் அடைத்திருந்த துணியை எடுத்தார்கள். டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றார். பஞ்சு வைத்துப் பார்த்தேன். நனையவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

மறுபடி மெத்தை அறை. ரெஜினா வணக்கம் சொல்லியது. இடது காதில் விசில் அடுத்த தெருவிலேயே நிற்கிறது. கொஞ்சம் கூடியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றது. ஆறு மாதம் கழித்துக் காது கேட்கும் கருவி வைத்துப் பார்க்கலாமாம். டைரியை டாக்டரம்மாவிடம் காட்டினேன். ஜூலை 28இல் நின்று, "பச்சை கலந்த மஞ்சள்னு யாருங்க எழுதுனது?" என்றார். நான்தான் என்றேன். "நல்லது" என்றார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூஜை. கடையைக் கழுவி, குழாய்க்கெல்லாம் சந்தனம் வைத்தோம். தலையணை உறை ஒரு மாதமாக வெள்ளையாக இருக்கிறது. பரமன் வந்து பொரிகடலை வாங்கிக்கொண்டு, இடது பக்கம் குனிந்து மோந்து பார்த்துவிட்டுப் போனான்.

ஜெயக்கொடி ஆரத்தி காட்டினாள். வீரணனின் மகள் யாழினியிடம் நகப் பூச்சுப் புட்டியைக் கேட்டேன். "எதுக்கு மாமா?" என்றது. வீரணனைக் கூப்பிட்டு, "திருப்பி வைடா" என்றேன். ரெண்டு பாக்ஸையும் போட்டு, கடை நடுவில் நின்று கேட்டு, பேலன்ஸ் நாப்பை வைத்தான். அது நின்ற இடத்தில் நானே புள்ளி வைத்தேன். கொஞ்சம் பெரிதாகிவிட்டது. காயும் வரை ஊதினேன்.

சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டில் பூஜை, இரண்டு பாக்ஸ். வீரணன் லைன் இழுத்துக்கொண்டிருந்தான். நான் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து பாட்டுப் போட்டேன். இடது பக்கம் கம்மியாகக் கேட்டது. பழக்கத்தில் விரல் நாப்புக்குப் போயிற்று, இடது பக்கம் தள்ளியது. இரண்டும் சமமாகக் கேட்டது. எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? அப்புறம் நாப்பைத் திருப்பிப் புள்ளிக்கு நேராகக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

எனக்கு ஒரு பக்கம் கம்மியாகத்தான் கேட்டது. இடது பக்கம் நின்றிருந்த பூக்கார அம்மா தலையை ஆட்டிக்கொண்டே சரம் தொடுத்தது.